சிலைக்குள் மிச்சமிருந்த மண்

அன்புள்ள சுந்தரம்,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் பாக்கி. திட்டியிருப்பாய், திட்டு. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பெரியவரிடம் அந்த விஷயத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. நீயும் முந்திக்கொள்ளாதே.

கட்டுரை படித்தேன். ரியாச்சே வீரர்கள் என்ற அந்தப் பழைய கிரேக்க வெண்கலச் சிலைகள் இரண்டையும் ஆசையாக எழுதியிருக்கிறாய். 1972 ஆகஸ்ட் 16, இத்தாலியின் கலாப்ரியா கடலோரம், சுமார் 8 மீட்டர் ஆழம், மணலுக்கு வெளியே தெரிந்த கை, எல்லாம் சரி. வெள்ளிப் பல்லைக்கூட விட்டுவைக்கவில்லை நீ! ஆனால் கடலிலிருந்து தூக்கியதும் ஆபத்து நீங்கிவிட்டதாக முடித்திருக்கிறாயே, அந்தப் பத்தியை அடித்துவிடு.

கரையில் நின்ற கிரேக்க வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை உருக்கும் உலைக்குத்தான் போயின. கப்பலோடு மூழ்கியவை பிழைத்தன. அவற்றுக்குச் சோதனை காற்றுப் பட்ட பிறகுதான். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, பச்சைக் களிம்புக்கு அடியில் செப்புக் குளோரைடாகப் படிந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் எட்டாதவரை அது சும்மா கிடக்கும். எட்டிவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும்; அமிலம் செம்பைத் தின்னும்; மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம். மேலே வெளிர்பச்சைப் பொடி பூக்கும். விரலால் தொட்டால் மாவாக உதிரும், அடியில் சின்னக் குழி இருக்கும். வெண்கல நோய் என்பது இதுதான். துடைத்தால் பொடி போகும், நோய் போகாது.

அதனால் கடலில் எடுத்ததைக் காயவே விடக்கூடாது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, ஊறிவரும் குளோரைடை அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சிப்பி, சுண்ணாம்பை அறுவைக் கத்தியால் இம்மி இம்மியாகச் சுரண்ட வேண்டும். பிறகு எத்தனாலில் 3 சதவீதம் பென்சோட்ரையசோல் என்ற அரிப்புத் தடுப்பு மருந்தைக் கரைத்து ஊற்றி, நன்கு உலர்த்தி, அக்ரிலிக் பூச்சோ மெழுகோ தருவார்கள். அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இவ்வளவு செய்தாலும் உள்ளே ஒன்று பாக்கி. நம் ஊர்த் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளும் உலோகம்தான். இவையோ பொள்ளல் வார்ப்பு. சில மில்லிமீட்டர் கனமுள்ள தோல், அதற்குள்ளே, வார்ப்புக்கு அச்சாக இருந்த களிமண் கரு. ரியாச்சே சிலைகளில் மயிர் கலந்த களிமண்ணை அடுக்கடுக்காக அப்பிக் கருவை எழுப்பியிருக்கிறார்கள். நூற்றாண்டுக்கணக்கில் கடல்நீர் குடித்த மண் அது. 1975 முதல் 1980 வரை புளோரன்சில் பார்த்த வைத்தியத்தில் கரு முழுவதும் வெளியே வரவில்லை. ரெஜ்ஜோ கலாப்ரியா அருங்காட்சியகத்துக்குப் போன பிறகு, மிச்ச மண்ணின் ஈரமும் உப்பும் உள்பக்கத்திலிருந்து அரிக்க ஆரம்பித்தன. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

1992இல் மறுபடி வைத்தியத்தில் இறங்கினார்கள். சிலையை வெட்ட முடியாது. வழி பாதத்திலிருந்த ஓட்டைகள்தான். அதன் வழியே சின்ன கேமராவும் நீளமான கருவிகளும் நுழைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே காலுக்குள்ளும் உடலுக்குள்ளும் சுரண்டி எடுத்தார்கள். 1995 வரை இழுத்த வேலை. சுரண்டிய மண்ணையும் வீணாக்கவில்லை. எந்த ஊர்க் களிமண், எப்படி வனைந்தார்கள் என்று ஆராய அதுதான் சாட்சி. இன்று சிலைகள் நிற்கும் அறைக்குள் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாகத்தான் விடுகிறார்கள், அதுவும் காற்று வடிகட்டும் அறையில் நிற்கவைத்த பிறகு. 1908 நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர் என்பதால் பீடத்திலும் கவனம்: இரண்டு பளிங்குக் கட்டைகள், நடுவே உருளும் பளிங்குக் குண்டுகள்.

இடம் இருந்தால் குரோவேஷிய அப்போக்சியோமெனோசையும் சேர்; அதுவும் கடலில் கிடைத்த வெண்கல விளையாட்டு வீரன் சிலைதான். 1999இல் 45 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தது. அதற்குள்ளே எலிக்கூடு! சுள்ளி, விதை, ஆலிவ் கொட்டை. கப்பலேறும் முன் தரையில் எங்கோ கிடந்திருக்கிறது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். உள்ளே இருப்பதை அவசரமாகக் கழுவிக் கொட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய படி அனுப்பு. கணேசனுக்கு முதலில் காட்டாதே, அவன் பாராட்டிக் கெடுத்துவிடுவான்.

அன்புடன்,
ராகவன்