கணுக்கால் சுளுக்கும் வெள்ளை உருண்டையும்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது.

நீ அனுப்பிய படத்தில் கணுக்கால் வீங்கி, வெளிப்பக்கம் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்ததிலிருந்து உங்க ஆத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோனை நீ அவசரமாக வைத்துவிட்டாய், எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வலி மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, அதற்குப் பதிலாக ஸ்டுட்கார்ட்டில் மருந்துக்கடைக்குப் போய் டிராமீல் களிம்பும் ஆர்னிகா உருண்டையும் வாங்கிவிட்டேன், மூலிகைதானே, ஹோமியோபதிதானே, பக்கவிளைவு இருக்காது என்றாய். அந்தப் பக்கவிளைவு பேச்சுதான் என்னை உறுத்துகிறது.

முதலில் களிம்பைப் பற்றி. உனக்குச் செவ்வந்தி ஆகாது என்பது நினைவிருக்கிறதா? கல்யாண வீட்டில் செவ்வந்தி மாலை பட்டாலே கழுத்தெல்லாம் தடித்துப்போகும், இரண்டு நாள் சொறிந்துகொண்டே இருப்பாய். ஆர்னிகா என்பது ஐரோப்பிய மலைப் புல்வெளிகளில் பூக்கும் ஒரு மஞ்சள் பூ, அதுவும் செவ்வந்தி, சூரியகாந்தி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். அந்தப் பூவில் ஹெலெனலின் என்ற பொருள் இருக்கிறது. வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டென்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், தோலில் அரிப்பும் கொப்புளமும் வரவழைப்பதும் அதேதான். டிராமீலில் ஆர்னிகா மட்டும் இல்லை, மொத்தம் 14 சரக்கு. கேலெண்டுலா, கெமோமில், எக்கினேசியா என்று அந்தக் குடும்பத்துச் செடிகளே பாதி இருக்கும், கூடவே பெல்லடோனா என்ற நச்சுச் செடி, பாதரசச் சேர்மம் ஒன்று. இதெல்லாம் பயமுறுத்தும் அளவில் இல்லை, ஆனால் உன் தோலுக்கு இது ஏற்றதா என்பது வேறு கேள்வி. உன் மாதிரி இந்தக் குடும்பத்துப் பூ ஆகாதவர்கள் இதைத் தடவக் கூடாது, குழாயை மூடி வைத்துவிடு. காலில் சிராய்ப்பு இருப்பதாகவும் சொன்னாய், ஆர்னிகா எதுவானாலும் தோல் கிழிந்த இடத்தில் படவே கூடாது. மதர் டிங்சர் என்று நீர்க்காத மூலச் சாற்றைப் பாட்டிலில் விற்பார்கள், அதை வாயில் விடாதே, ஆர்னிகாப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் வேலையும் வேண்டாம். நீர்க்காத ஆர்னிகா வயிற்றுக்குள் போனால் நஞ்சு, இதயம் வரை பாதிக்கும்.

சரி, உருண்டைக்கு வருவோம். குப்பியில் சி30 என்று போட்டிருக்கும், பார். ஒரு பங்கு சாற்றை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குவது ஒரு படி, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பது அடுத்த படி, இப்படி 30 படி. சிக்ரி ஆய்வகத்தில் கரைசல் கலந்தே காலம் போன எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம் நிறைந்து நிற்கிற ஒரு ஊருணியில் ஒரே ஒரு சொட்டு விட்டால் ஏறக்குறைய ஆறாம் படிதான் வரும். பன்னிரண்டாம் படிக்கு அப்படி லட்சம் கோடி ஊருணி வேண்டும், அந்த இடத்திலேயே மூலச் சாற்றின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமாகிவிடும். முப்பதாம் படியில் நீ நாக்கில் வைப்பது சர்க்கரைதான் ஆத்தா. களிம்பு அப்படி இல்லை, அதில் சில சரக்குகள் பத்தில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் நீர்த்திருக்கும், பொருள் நிஜமாகவே இருக்கிறது. ஹோமியோபதி என்று ஒரே பெயர் போட்டு விற்றாலும் உன் கையில் இருக்கும் இரண்டும் ஒன்றல்ல.

உங்க அப்பத்தா அலமாரியில் அந்தக் குட்டிக் குப்பிகளை வரிசையாக வைத்திருந்ததும், விழுந்து அடிபட்டு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் நாலு உருண்டை நாக்கில் போட்டதும் எனக்கும் மறக்கவில்லை. அப்பத்தா கொடுத்ததால் ஆறியது என்று நீ சொல்கிறாய். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார்கள், ஓடாமல் படுக்க வைத்தார்கள், அதெல்லாம் மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாதாரணச் சுளுக்கு எதுவும் போடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வடிய ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் போய்விடும். ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன் 1796-இல் இந்த முறையை எழுதிய காலத்தில் மற்ற வைத்தியர்கள் ரத்தத்தை வடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களிடம் போனவர்களைவிட இவரிடம் போனவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்றால் நம்பலாம். இன்றைக்கு அந்த ஒப்பீடு செல்லாது. 2003-இல் இங்கிலாந்தில் மணிக்கட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 60-க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, சிலருக்கு ஆர்னிகா மாத்திரையும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், வலியிலும் வீக்கத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 2015-இல் பல ஆய்வுகளையும் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றே எழுதியது.

களிம்புக்கு ஆதாரம் கொஞ்சம் மேல். 2007-இல் வந்த ஓர் ஆய்வில் விரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேருக்கு ஆர்னிகா ஜெல்லும் ஐபுபுரூஃபன் என்ற வலி மருந்தின் ஜெல்லும் ஒரே மாதிரி பலன் தந்தன. டிராமீலை உன் மாதிரி கணுக்கால் சுளுக்கியவர்கள் 449 பேரை வைத்து, டைக்லோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்தின் ஜெல்லோடு ஒப்பிட்டார்கள், அது 2013-இல் வெளிவந்தது, இரண்டும் சமம் என்று முடிவு. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் போட்டது டிராமீல் தயாரிக்கும் கம்பெனியே, அதுபோக வெறும் களிம்பு தடவிய ஒரு கூட்டத்தை அவர்கள் வைக்கவில்லை, அதனால் தானாக ஆறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. உன் பிரச்சினை வயிறுதான் என்றால் டைக்லோஃபெனாக் ஜெல்லையே கேட்டு வாங்கேன், மேலே தடவுவது மாத்திரை அளவுக்கு ரத்தத்தில் போகாது, வயிற்றுக்கும் தொந்தரவு குறைவு, சுளுக்குக்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த சரக்கு அது. அதையும் சிராய்ப்பின் மேல் தடவாதே, வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டால் கடையில் அதைச் சொல்லிவிட்டு வாங்கு.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியம் வேறு. உங்க சித்தப்பா ஒரு வருஷம் பழனிக்கு நடந்து போகும்போது நத்தம் பக்கத்தில் கால் பிசகி, யாரோ கொடுத்த ஆர்னிகா உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே மீதி தூரமும் நடந்தார், வீட்டுக்கு வந்து வெகுநாள் கழித்துப் படம் எடுத்தால் எலும்பில் கீறல். உருண்டை அவருக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை, அதை நம்பி அவர் காலை டாக்டரிடம் காட்டாமல் விட்டதுதான் கெடுதல். அதனால் இதை இப்போதே செய். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கிறதே எலும்பு, அதன் பின் விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்து, அப்புறம் பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே உள்ள எலும்பையும், உள்பக்கத்தில் கணுவுக்கு முன்னால் இருக்கும் எலும்பையும் அழுத்து. எங்காவது எலும்பின் மேலேயே சுரீரென்றால், அல்லது நாலு எட்டு எடுத்து வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். 1992-இல் ஒட்டாவாவில் மருத்துவர்கள் வகுத்த விதி இது, இன்றைக்கும் பல நாடுகளில் அவசரப் பிரிவில் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

உங்க ஆத்தா புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார், நொச்சி ஒத்தடமும் சொல்கிறார். முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சூடு வேண்டாம், எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம், இரண்டும் வீக்கத்தைக் கூட்டும். துணி சுற்றிய ஐஸ் கால் மணி நேரம், கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் கால், வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால். வலி குறைந்ததும் படுத்தே கிடக்காதே, பாதத்தை மேலும் கீழும் அசை, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகு, மறுபடி மறுபடி சுளுக்காமல் இருக்க அந்தப் பயிற்சிக்கு ஈடு எந்தக் களிம்பும் இல்லை. தைப்பூசத்துக்கு வந்து குன்றக்குடியிலிருந்து எங்களோடு நடக்க வேண்டும் என்றாய். தசைநார் கிழிந்திருந்தால் பலப்பட மாதக்கணக்கில் ஆகும், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் டிக்கெட் போடு.

எலும்பை அழுத்திப் பார்த்துவிட்டு உடனே ஃபோன் செய், இங்கே எத்தனை மணி என்று பார்க்காதே.

அன்புடன்,
அப்பச்சி