செயலாளரின் ஆண்டறிக்கை: பாதி வேலையோடு வந்த வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கமில்லாத சபைகளிலிருந்து வந்தவர்களுக்கு அன்பான வணக்கம்.

இதை எழுத உட்காரும் முன், கிறிஸ்தவக் கலைஞர்களான நம் சங்கத்தின் சென்ற ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தேன். நான் எழுதியதுதான். "அனைவரும் ஆசீர்வாதம் பெற்றனர்" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன். யார் என்ன வரைந்தார்கள், எந்தப் பாட்டு எங்கே தடுமாறியது என்று ஒரு வரிகூட இல்லை. நம் கூட்டங்களும் அப்படித்தான் இருந்தன. மாதம் ஒருமுறை கூடினோம், ஜெபித்தோம், கொண்டுவந்த படங்களைச் சுவரில் சாய்த்து வைத்தோம், "அருமை பிரதர்" என்று சொல்லிவிட்டுக் கலைந்தோம். ஆண்டு முடிவதற்குள் நான்கு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நால்வரும் கைவேலையில் தேர்ந்தவர்கள். ஒருவரிடம் போன் செய்து கேட்டேன். "ஜெபத்துக்கு எனக்குச் சபை இருக்கிறது அண்ணா. என் படத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை" என்றார்.

அதை அப்படியே செயற்குழுவில் சொன்னேன். அதிலிருந்து பிறந்ததுதான் 'பாதி வேலை மாலை'. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நடத்தினோம். முடித்த வேலையைக் கொண்டுவரக் கூடாது. செய்தவர் முதல் பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. பார்க்கிறவர்கள் தங்கள் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும், 'நல்லா இருக்கு' என்பது கணக்கில் வராது. இந்த விதிகளில் யாருக்கும் தகராறு இல்லை. "இது கர்த்தர் எனக்குக் கொடுத்தது" என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது என்ற விதிக்குத்தான் பலத்த எதிர்ப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கர்த்தர் கொடுத்த பாட்டில் பல்லவி நன்றாக எடுக்கிறது, இரண்டாம் சரணம்தான் இழுக்கிறது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆவியானவர் அருளியதை மனுஷர் திருத்தலாமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் நியாயமாகவே கேட்டார். பதிலுக்கு, மோசேயின் காலத்தில் ஆசரிப்புக் கூடார வேலையைச் செய்த கைவினைஞர் பெசலெயேலைப் பற்றிய வேதப்பகுதியைத்தான் திறந்தோம். (நம்மில் பாதிப் பேருக்கு அந்தப் புத்தகம் யாத்திராகமம், மீதிப் பேருக்கு விடுதலைப் பயணம். அதிகாரம் ஒன்றுதான்.) 31-ஆம் அதிகாரத்தில் அவரைத் தேவ ஆவியால் நிரப்பினேன் என்று ஆண்டவர் சொல்கிறார். சொன்ன கையோடு பொன், வெள்ளி, வெண்கல வேலை, கல் பதிப்பது, மரம் செதுக்குவது என்று பட்டறைக் கணக்குப் போல வரிசை வருகிறது. 35-ஆம் அதிகாரத்தில் பெசலெயேலுக்கும் அவரோடு வேலை செய்த அகோலியாபுக்கும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வரமும் கிடைக்கிறது. கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தார் என்றால், தப்பாகச் செதுக்கித் திருத்திக்கொண்டவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். விதி நிலைத்தது. அடுத்த அதிகாரத்தில் ஜனங்கள் தேவைக்கு மேல் காணிக்கை கொண்டுவந்து குவிக்க, இனிமேல் போதும் என்று மோசே தடுக்க வேண்டியிருந்தது. நம் சந்தாவில் அந்த நிலை இன்னும் வரவில்லை என்று பொருளாளர் சொல்லச் சொன்னார்.

முதல் மாலையில் நடந்ததை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். மரவேலை செய்யும் நம் சகோதரர், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும் காட்சியைப் பலகையில் புடைப்பாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். பேதுருவின் வலது கால் மட்டும் முடிந்திருந்தது. வழவழப்பான கால், விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நகம்கூடத் தெளிவாக. பழைய வழக்கத்தில் எல்லோரும் கைதட்டியிருப்போம். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் துணியில் தையல் ஓவியம் செய்யும் அக்கா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "இது செருப்புக்குள்ளேயே இருந்த கால். படகில் நின்று வலை இழுத்தவருக்கு விரல் விரிந்துதானே கிடக்கும்?" என்றார். செதுக்கியவர் முகம் சிவந்துவிட்டது. விதிப்படி பேசவும் முடியாது. இரண்டு மாதம் கழித்து அதே பலகையோடு வந்தார். விரல்களைப் பிரித்திருந்தார், குதிகாலில் குறுக்கே ஒரு வெடிப்பு விட்டிருந்தார். முன்பு அழகான பாதம் ஒன்றைத்தான் பார்த்தோம். இப்போதுதான் அந்தக் காலைக் குனிந்து கழுவ வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தது.

எல்லா மாலையும் இப்படி அமையவில்லை. மூன்றாவது மாலையில் ஒரு தங்கை கவிதை வாசித்தபோது இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் குறை சொல்லத் தொடங்கினார்கள். அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நெறிப்படுத்த உட்கார்ந்திருந்தவன் நான். நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. தவறு என்னுடையது. அதன் பிறகு, வேலையைக் காட்டியவருக்கு மறுநாள் ஒருவர் கட்டாயம் போன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். அந்தத் தங்கை இன்னும் திரும்பி வரவில்லை.

சொரூபத் தகராறைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் நடந்ததைப் பதிவு செய்கிறேன். கரியால் வரைந்த இயேசுவின் முகம் ஒன்றை உறுப்பினர் ஒருவர் முன்சுவரில் மாட்டியிருந்தார். ஜெபம் தொடங்கும் நேரத்தில் இன்னொருவர் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் நான்காம் வசனம் (சொரூபம் எதையும் உண்டாக்க வேண்டாம் என்ற கட்டளை) என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேச்சு வளர்ந்தது. தேவன் மாம்சத்தில் வந்துவிட்டதால் அவரை வரையலாம் என்று வாதாடிய எட்டாம் நூற்றாண்டு இறையியலாளர் தமஸ்கு யோவானை ஒருவர் சொன்னார். 787-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் படத்துக்குச் செய்யும் மரியாதை வேறு, தேவனுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று பிரித்ததைச் சொன்னார். மறுபக்கத்திலிருந்து, சபைச் சீர்திருத்தத்தின்போது 1524-இல் சூரிச் நகர ஆலயங்களில் சொரூபங்கள் அகற்றப்பட்ட கதை வந்தது. ஆயிரம் வருடச் சண்டையை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவோம் என்று தோன்றியது.

அப்போதும் பேசியது அதே தையல் ஓவிய அக்காதான். எண்ணாகமம் 21-இல் வெண்கல சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவர் ஆண்டவர். ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதால் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் எசேக்கியா அதை உடைத்துப்போட்டார். "செய்தவரும் சரியாகச் செய்தார், உடைத்தவரும் சரியாகத்தான் செய்தார்" என்றார். தீர்மானம் என்று பெரிதாக ஒன்றும் போடவில்லை. இனிமேல் படங்கள் பக்கச் சுவரில்தான், முன்சுவர் வெறுமையாக இருக்கும், ஜெபம் முடிந்த பிறகே நாற்காலிகள் படங்களின் பக்கம் திரும்பும். படம் மாட்டியவரும் முதுகு காட்டியவரும் இந்த விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை. கூட்டத்துக்கு ஒரே வண்டியில்தான் வருகிறார்கள்.

உறுப்பினர் சேர்க்கை. ஞானஸ்நானம் பெறாத புகைப்படக்காரர் ஒருவர் சேர விரும்பினார். விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு தரப்பு. பிரான்சின் ஆஸி மலைக்கிராமத்து ஆலயத்தை இன்னொரு தரப்பு எடுத்துக்காட்டியது. 1950-இல் அபிஷேகம் செய்யப்பட்ட அந்த ஆலயத்தில் பக்தியுள்ள கத்தோலிக்கரான ஓவியர் ரூவோவின் வேலையும் இருக்கிறது, யூதரான ஷகாலின் வேலையும் கம்யூனிஸ்டான லெஜேயின் வேலையும் இருக்கின்றன. சரி, ஆனால் மறுவருடமே அங்கிருந்த சிற்பி ரிஷியேவின் சிலுவைச் சிற்பம் எதிர்ப்பு காரணமாகப் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் புகைப்படக்காரரை இணை உறுப்பினராகச் சேர்த்தோம். பாதி வேலை மாலைக்கு வரலாம், வாக்குரிமை இல்லை. என் சொந்தக் கருத்து: அவர் அளவுக்குப் பொறுமையாக மற்றவர் வேலையைப் பார்க்கிறவர் நம் முழு உறுப்பினர்களிலேயே குறைவு.

அடுத்தது ஒரு வருத்தமான செய்தி. நம் உறுப்பினர் ஒருவர் ஒரு சபையின் ஞாயிறு பள்ளி அறையில் இரண்டு மாதம் உட்கார்ந்து, சம்பளம் வாங்காமல், நோவாவின் பேழையைச் சுவரோவியமாக வரைந்து கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்க் கேட்டதற்கு, "ஊழியமாகத்தானே செய்தீர்கள்?" என்று பதில் வந்ததாம். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு பெர்ன் ஒப்பந்தத்தில் 1928-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, படைப்பில் தன் பெயரைக் கோரவும் தன் மதிப்புக்குக் கேடாக அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் கலைஞருக்கு உரிமை தருகிறது. முழுவதுமாக அழிப்பது இதில் அடங்குமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால் சட்டத்தை நம்புவதைவிட ஒரு தாளை நம்புவது மேல் என்று முடிவு செய்தோம். பொருட்செலவு யாருடையது, வேலை எத்தனை நாள், பிறகு மாற்றவோ அழிக்கவோ நினைத்தால் யாருக்கு முன்கூட்டிச் சொல்வது என்று ஒரே பக்கத்தில் படிவம் தயார். இலவசமாகச் செய்தாலும் கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.

கண்காட்சி நடந்தது. கூட்டம் சுமார். மழை.

எழுதுகிறவர்களை ஓரங்கட்டுகிறோம் என்ற புகார் நியாயமானது. எனவே தேம்பாவணி வாசிப்பைத் தொடங்கியிருக்கிறோம். தச்சரான யோசேப்பை வளன் என்ற பெயரில் பாட்டுடைத் தலைவராக்கி வீரமாமுனிவர் பாடிய 3615 பாடல்கள். நாம் போகும் வேகத்தில் என் பதவிக்காலத்தில் முடியாது. நம் மரவேலைச் சகோதரர் மட்டும் ஒரு வாசிப்பையும் தவறவிடுவதில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரு யோசனை. 1809-இல் வியன்னா கலைக்கழக மாணவர் ஆறு பேர், ஓவியர்களின் பாதுகாவலராகக் கருதப்படும் லூக்காவின் பெயரால் ஒரு சகோதர சங்கம் தொடங்கினார்கள். மறுவருடம் அவர்களில் சிலர் ரோமுக்குப் போய், ஆளில்லாத மடம் ஒன்றில் துறவிகள் போலச் சேர்ந்து வாழ்ந்து வரைந்தார்கள். அவர்களுடைய தோற்றத்தைப் பார்த்து ஊரார் 'நசரேயர்' என்று கேலி செய்ய, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நமக்கு மடமெல்லாம் சரிப்படாது. வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது. ஆனால் வாரத்தில் ஒரு மாலை, பேச்சு இல்லாமல், ஒரே அறையில் அவரவர் வேலையைச் செய்ய இடம் வேண்டும் என்று ஒன்பது பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் மேசை இல்லாதவர்கள். இதைப் பொதுக்குழுவின் முடிவுக்கு வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அலமாரிச் சாவி ஒன்று மார்ச் மாதத்திலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிடவும், பெயரைக் குறிப்பேட்டில் எழுத மாட்டேன். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்