பூச்சட்டிக்குக் கத்தும் சென்சார்

கோலாலம்பூரின் தலைமைக் குத்தகையாளர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாய் செந்தூல் பக்கம் ஒரு சைட்டில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ‘யாருக்கும் அடியில்லை’ என்று அறிக்கை எழுதியாகிவிட்டது. சரிதான். எங்கள் பங்களாதேஷ் தோழர் வியர்வை துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றி டீசல் டிரம் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரின் கவுண்டர்வெயிட், அதாவது பின்பக்கத்து எடைக்கட்டி, சுழன்று வந்தது. டிரம்மின் விளிம்பு மடங்கியது, ஹெல்மெட் அப்பளமானது.

ஓட்டுநர் அண்ணன்மேல் தப்பில்லை. கேபின் இடப்பக்கம். வலப்பக்கத்தைப் பூம் என்கிற நீண்ட கை மறைக்கிறது, பின்பக்கத்தை எஞ்சின். நான் சிக்னல்மேன், ஓட்டுநருக்குக் கைகாட்டி வழி சொல்பவன். அவர் கண்ணில் படும்படி முன்னால் நின்றால், வண்டிக்குப் பின்னால் யார் குனிந்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியாது. பீப் சத்தமாவது உதவுமா? அது வண்டி நகர்ந்தால்தான் கத்தும். நின்ற இடத்தில் சுழன்றால் வாயே திறக்காது. நாலு வண்டி நாள் முழுக்கக் கத்தும் இடத்தில் அதை யார்தான் காதில் வாங்குவார்?

நாங்கள் கேட்பது, வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்கவேட்டரிலும் பின்பக்கமும் வலப்பக்கமும் கேமராவோடு ரேடார் சென்சார். மத்தியான மழையில் கேமராவில் சேறு அப்பிக்கொள்ளும். ரேடார் மழையிலும் தூசியிலும் வேலை செய்யும். ஆனால் அது மண்மேட்டுக்கும் கத்தலாம். ஹெல்மெட்டில் டேக் என்கிற சின்ன அடையாளச் சில்லு வைத்து, அதை உணரும் கருவியையும் வண்டியில் பொருத்தினால், அந்தக் கருவி டேக் வைத்த ஆள் நெருங்கினால் மட்டும் கத்தும்.

அன்று சைட் பார்க்க வந்த பெரியவர் ஒருவரின் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் ஓரப் பூச்சட்டிக்கே கத்தியது. விலை கூடிய பூச்சட்டியோ என்னவோ. எங்களுக்குப் பாதுகாப்பு வாரத்தில் புது பேனரும் நாசி லெமாக் பொட்டலமும் கிடைக்கின்றன. சென்சாருக்குச் செலவாகும் என்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். வேலையிடப் பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த உச்ச அபராதம், 2024 ஜூன் முதல் 500,000 வெள்ளி.

மன்னிக்கவும், மரியாதையாகக் கேட்க வந்தவன் பேச்சை வளர்த்துவிட்டேன். வண்டி வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள் ஐயா: சென்சார் இல்லாத வண்டி கேட்டுக்குள் வரக்கூடாது. அடுத்த மாதம் அடித்தளம் தோண்ட இன்னும் மூன்று வண்டிகள் வருகின்றன என்று கேள்வி. அதற்கு முன்பே செய்துகொடுங்கள்.

இப்படிக்கு,
சிக்னல்மேன் ஒருவன்
செந்தூல்