கலையரங்கம் காதுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரிக்குப் பெரிய கலையரங்கம் ஒன்று வேண்டும், ஏ.சி. வேண்டும், சாய்வு இருக்கை வேண்டும், முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். எல்லாம் சரி. உள்ளே பேசுவதும் பாடுவதும் காதில் தெளிவாக விழ வேண்டும் என்று மட்டும் அவர் எழுதவில்லை. காவேரிப்பட்டினம் பக்கம் மைக் செட் வைத்தே பிழைத்தவன் என்பதால் அதை நான் எழுதுகிறேன்.

மகன் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் வேலையில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது எல்ப்பில்ஹார்மனி என்கிற இசை அரங்கத்துக்குக் கூட்டிப்போனான். துறைமுகத்தில் கோகோ, தேயிலை, புகையிலை மூட்டைகள் அடுக்கிவைத்திருந்த பழைய கிடங்கின் செங்கல் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தலைமேல் கண்ணாடிக் கட்டடத்தை ஏற்றியிருக்கிறார்கள். உயரம் 110 மீட்டர். சுவிட்சர்லாந்தின் கட்டடக் கலைஞர்கள் ஹெர்சாக், டி மியூரான் வடிவமைத்தது; 2017 ஜனவரியில் திறந்தது. மேலே போகும் எஸ்கலேட்டர் 82 மீட்டர் நீளம். நடுவில் வளைவதால் ஏறும்போது அடுத்த முனை கண்ணுக்குத் தெரியாது. வந்தவர்கள் எல்லாம் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே போகத்தான் அவசரம்.

உட்கார்ந்ததும் கண் தானாக ஸ்பீக்கரைத் தேடியது. தொழில் புத்தி. அன்றைய கச்சேரிக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. 2,100 பேர் உட்காரும் இடம், மேடை நடுவில், சுற்றிலும் அடுக்கடுக்காக ஜனம். வாத்தியக் குழுவை நடத்துபவரிடமிருந்து 30 மீட்டருக்கு மேல் யாருமே தள்ளி உட்காரவில்லை. எங்களுக்கு வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் இடம். முக்கோணக் கம்பியை ஒருவர் மெல்லத் தட்டினார். அத்தனை வயலினுக்கும் நடுவில் அது தனியாகக் கேட்டது. யாரோ எதிர்ப்பக்கம் இருமியதும் அதே சுத்தமாகக் கேட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுவரைத் தடவிப் பார்த்தேன். புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி முழுக்கப் பள்ளமும் மேடும். ஜிப்சமும் நாரும் கலந்து செய்த பலகைகள், ஏறக்குறைய 10,000. ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒலி வந்து மோதினால் ஒரே பக்கம் திரும்பி அறையாமல், எல்லாப் பக்கமும் சிதறிப் போவதற்காக இந்தக் கொத்து. அரங்கத்தின் ஒலியமைப்பை வகுத்தவர் யசுஹிசா டொயோட்டா என்கிற ஜப்பான்காரர். பத்தில் ஒரு பங்கு அளவில் அரங்கத்தின் மாதிரியைச் செய்து, அதற்குள் ஒலியை விட்டுப் பார்த்த பிறகுதான் கட்டியிருக்கிறார்கள். அப்புறம், அந்தப் பெரிய அரங்கம் கட்டடத்தோடு ஒட்டவே இல்லை; 362 ஸ்பிரிங் தொகுப்புகளின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் உள்ளே வராது. பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து மண்டபங்களில் தாலி கட்டும் நேரத்தில் லாரி ஹாரனைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதற்காக அதையே இங்கே கட்டச் சொல்லவில்லை. முதலில் 7.7 கோடி யூரோ என்று மக்களிடம் சொன்ன செலவு, முடியும்போது வரிப்பணத்தில் மட்டும் 78.9 கோடி யூரோ ஆனது. 2010இல் முடிய வேண்டியது ஏழு வருடம் இழுத்தது. அப்படியும் குறை இல்லாமல் இல்லை. 2019இல் யோனாஸ் காஃப்மன் என்ற புகழ்பெற்ற பாடகர் அங்கே பாடியபோது, மேடைக்குப் பின்பக்கம் இருந்தவர்கள் குரல் கேட்கவில்லை என்று நடுக்கச்சேரியிலேயே சத்தம் போட்டார்கள். மனிதக் குரல் வாய் பார்த்த பக்கம்தான் அதிகம் போகும். முதுகுப்புறம் டிக்கெட் விற்றால் இப்படித்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். இங்கே மண்டபம் கட்டுகிறவர்கள் தரைக்குப் பளபளவென்று கிரானைட் போடுகிறார்கள். நம் மாவட்டத்துக் கல், போடட்டும். ஆனால் சுவரிலும் பாதி உயரத்துக்குக் கிரானைட், மேலே டைல்ஸ், பக்கத்தில் கண்ணாடி, கூரை வெறும் கான்கிரீட். ஒலி போய் அடங்க ஓர் இடம் கிடையாது. காலி மண்டபத்தில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், அந்த முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த வாக்கியமே பேசிவிடலாம். பேச்சாளர் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் முந்தின சொல்லின் மேல் ஏறி விழுகிறது. “என்னய்யா மைக் செட், ஒண்ணுமே புரியல” என்று திட்டு எங்களுக்கு. வால்யூமைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்து கூடும், மைக் விசிலடிக்கும். இதே ஆம்ப்ளிஃபயரைத் தென்னை ஓலைப் பந்தலில் வைத்தபோது யாரும் குறை சொன்னதில்லை. ஓலை ஒலியைக் குடித்துக்கொள்ளும். தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்தில் விடிய விடிய வெட்டவெளியில் பாடியவர்களுக்கும் சுவர் இல்லாததே சௌகரியம்.

இதற்கு வைத்தியம் கண்டுபிடித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: மீட்டர் கணக்கில் அறையின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம், அதாவது முழக்கம் அடங்க எத்தனை நொடி ஆகும் என்பது. பேச்சுக்கு ஒரு நொடி சுமார், சிம்பொனிக்கு இரண்டு நொடி சுமார். ஒரு கால்குலேட்டர் போதும்.

செலவும் பெரிதில்லை. கூரையில் துளையிட்ட ஜிப்சம் பலகை, பின்சுவரில் துணி போர்த்திய கண்ணாடிப் பஞ்சு, ஜன்னலுக்குக் கனமான திரை. தென்னை நார்ப் பலகையும் ஒலியை உறிஞ்சும். அதற்கு நாம் வெளியூர் தேட வேண்டியதில்லை. மேடைக்கு மேல் அழகுக்கென்று குவிமாடம் மட்டும் வேண்டாம், ஒலி எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கெடுக்கும்.

எனவே அரங்கம் வருவதானால், டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பூச்சுவேலை முடிந்ததும் காலி அரங்கத்தில் எதிர்முழக்க நேரத்தை அளக்க வேண்டும். வரைபடத்தில் குறித்த அளவுக்குள் இருந்தால்தான் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை. அளக்கும்போது வாசகர்கள் சிலரையும் உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.