எங்கள் ஹாக்கி அணியைக் கலையவிடாதவர்களுக்கு

கொவிட் காலத்தில் சிங்கப்பூரில் எங்கள் பல்தொழில் கல்லூரிப் (பாலிடெக்னிக்) பெண்கள் ஹாக்கி அணி ஒரு முழுப் பருவத்தை இழந்தது. அடுத்த பருவமும் அரைகுறைதான். ஆனால் அணி கலையவில்லை. அதற்குக் காரணமான பலருக்கு அப்போதே நேரில் நன்றி சொல்லிவிட்டோம். இருந்தாலும் நாலு பேர் பார்க்கும்படி ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று பின்னாளில் அணித்தலைவியாக இருந்த எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சிலருடைய முகமே எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் பொறுப்பாசிரியராக இருந்த நுண்ணுயிரியல் மிஸ்ஸுக்கு. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி நாட்டின் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது, போட்டிகள் தள்ளிப்போயின. ஏப்ரல் 7இல் நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் என்ற ஊரடங்கு தொடங்கியதும் எல்லாரும் வீட்டுக்குள். மூன்றாமாண்டு அக்காக்களுக்கு அதுதான் கடைசிப் பருவம். ஸூமில் கூடும்போதெல்லாம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆகஸ்டுக்குள்ள ஊசி வந்துடுமா மிஸ்?"

"வந்துடும், கவலைப்படாதீங்க" என்று தேற்றுவது எவ்வளவோ சுலபம். மிஸ் "வராது" என்றார். மின்னல் வேகத்தில் வந்ததாகப் பேர் வாங்கிய பொன்னுக்குவீங்கித் தடுப்பூசிக்கே 1963இலிருந்து 1967 வரை நான்கு ஆண்டு பிடித்தது என்றார். இந்தத் தடவை அதைவிடச் சீக்கிரம் வரலாம், ஆனால் இந்தப் பருவத்தை அதை நம்பி ஓட்டாதீர்கள் என்றார். அன்று பலர் அழுதார்கள். அந்த உண்மைதான் எங்களைக் காப்பாற்றியது. இதோ அடுத்த வாரம், அதோ அடுத்த மாதம் என்று ஏங்கி ஏங்கிச் சலித்துப்போகாமல், நீண்ட காத்திருப்புக்கு மனதைத் தயார் செய்துகொண்டோம்.

அதோடு விடவில்லை. தடுப்பூசி சோதனை எப்படி நடக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் கட்டத்தில் சில பத்துப் பேர், அடுத்து சில நூறு பேர், மூன்றாம் கட்டத்தில் பல்லாயிரம் பேர். அந்த மூன்றாம் கட்டத்தை யாராலும் விரட்ட முடியாது. ஊசி போட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது, போடாதவர்களில் எத்தனை பேருக்கு வருகிறது என்று காத்திருந்துதான் எண்ண வேண்டும். "அப்படின்னா எதை வேகப்படுத்துறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறேன்: "ரெண்டு அடுப்பு இருந்தா சோறும் குழம்பும் ஒரே நேரத்துல வைக்கலாம். ஆனா சோறு வேகாம இறக்க முடியாது." சோதனை முடியும் முன்பே, தோற்றால் பணம் போகும் என்று தெரிந்தே, ஆலைகள் மருந்தைத் தயாரிக்கத் தொடங்கின. அது இரண்டாவது அடுப்பு.

அப்புறம், தடுப்பூசி சீக்கிரம் வர வழிசெய்த முகம் தெரியாதவர்களுக்கு நன்றி. அந்த ஆண்டு ஜனவரியிலேயே கொரோனா கிருமியின் மரபணு வரிசையைப் பொதுவில் வெளியிட்டவர்கள். புரதம் செய்யும் குறிப்பை உடலின் செல்களுக்குச் சொல்லும் எம்ஆர்என்ஏவைப் பல ஆண்டுகள் பெரிய ஆதரவு இல்லாமல் ஆராய்ந்து, 2005இல் அதைத் தடுப்பூசியாக்க வழியைத் திறந்த காத்தலின் காரிக்கோவும் டுரூ வைஸ்மனும். கொரோனா வகையைச் சேர்ந்த மெர்ஸ் கிருமியின் மேல் முள்போல் நிற்கும் கூர்ப்புரதத்தை நிலைப்படுத்தும் வித்தையை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தவர்கள். 2023இல் காரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் நோபெல் பரிசு கிடைத்தபோது எங்கள் அணியின் வாட்ஸ்அப் குழு நள்ளிரவு வரை ஓயவில்லை.

சோதனைக்குக் கை நீட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது. ஃபைசர் சோதனையில் மட்டும் 43,000க்கும் அதிகமானவர்கள். தனக்குப் போட்டது மருந்தா வெறும் உப்புநீரா என்று தெரியாமலேயே மாதக்கணக்கில் ஒத்துழைத்தார்கள். நவம்பரில் முடிவு வந்தது. நோய் கண்ட 170 பேரில் 162 பேர் உப்புநீர் ஊசி போட்டவர்கள், 8 பேர்தான் தடுப்பூசி போட்டவர்கள். அந்த 162 பேருக்கும் எங்கள் வணக்கம்.

வீட்டுப் பக்கம் வருகிறேன். நான் தாழ்வாரத்தில் பந்தைத் தட்டித் தட்டிப் பயிற்சி செய்த சத்தம் கீழ்வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அத்தைக்கு) இடிபோல் கேட்டிருக்கும். புகார் செய்திருக்கலாம். அவர் தன் வீட்டுப் பழைய கம்பளம் ஒன்றைச் சுருட்டி, பேரனிடம் கொடுத்தனுப்பினார். ஓரம் பிய்ந்த பச்சைக் கம்பளம். அதன்மேல்தான் மட்டையைத் திருப்பிப் பிடித்து ஆடும் என் ரிவர்ஸ் ஸ்டிக் திருந்தியது. தெரிமா காசி (நன்றி), மக்சிக்.

திடலுக்குத் தண்ணீர் பீய்ச்சி வைக்கும் புதுக்கோட்டை அண்ணன் அந்த மாதங்களில் வெளிநாட்டு ஊழியர் விடுதியைவிட்டு வெளியே வர முடியவில்லை. அந்த ஆண்டு சிங்கப்பூரில் உறுதிசெய்யப்பட்ட தொற்றில் ஆகப் பெரும்பங்கு விடுதிகளில்தான். அவர் பட்டதற்குப் பக்கத்தில் எங்கள் இழப்பை வைக்கவே முடியாது. திரும்பி வந்த முதல் நாளே குழாயைக் கையில் எடுத்தார். நாங்கள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து ஆடியபோதும் திடல் தயாராக இருந்தது.

2021 ஜூனில் மாணவர்கள் ஊசி போடும் முறை வந்தது. சமூக மன்றத்தில் ஊசிக்கு நடுங்கிய எங்கள் கோல்கீப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேட்ச் எப்போம்மா?" என்று பேச்சுக் கொடுத்தே வேலையை முடித்த தாதி அக்காவுக்கு நன்றி. ஊசிக்குப் பிறகு கடும் பயிற்சி வேண்டாம் என்று சுகாதார அமைச்சு அறிவுறுத்தியபோது, ஒரு சுற்று ஓடக்கூட விடாத கோச்சுக்கும் நன்றி. சார், அப்போது உங்களிடம் சண்டை போட்டோம். நீங்கள் அசையவே இல்லை.

கடைசியாக, பருவத்தையே இழந்த அக்காக்களே. இனி தங்களுக்கு ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகும் வாராவாரம் ஸூமில் வந்து உட்கார்ந்தீர்கள். உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் மேசைமேல் நகர்த்தி நகர்த்தி பெனால்டி கார்னர் சொல்லிக்கொடுத்தீர்கள். 2022இல் திடலுக்குத் திரும்பி நாங்கள் போட்ட முதல் கோல் அந்த மிளகு டப்பா கோல்தான். இந்த ஆண்டு பழைய மாணவர் ஆட்டத்துக்குக் கட்டாயம் வரவேண்டும். ஷின்கார்டை மறக்காமல் எடுத்து வாருங்கள், ஓரத்தில் உட்கார விடமாட்டோம்.

அன்புடன்,
அணியின் சார்பில், உங்கள் பழைய அணித்தலைவி