தோப்புப் பத்திரத்தை எடுக்காதே

தருமபுரி

மாப்பிள்ளை முருகேசா,

நீ கொடுத்தனுப்பிய செந்தூரா மாம்பழம் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் நாலு பழம் நசுங்கிவிட்டது, மீதி ரெண்டே நாளில் காலி.

பாப்பா எகனாமிக்ஸ் எடுக்கிறாள் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பெங்களூர் கல்லூரிக் கட்டணம் என்று நீ வாட்ஸ்அப்பில் போட்ட சீட்டைப் பார்த்தபிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வருஷத்துக்கு ரெண்டே முக்கால் லட்சம், அதுக்கும் கீழே பொடி எழுத்தில் 'இதர கட்டணம்' என்று ஒரு வரி. எத்தனை என்று போடவில்லை பார்! என் பையனை ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்தபோது அந்த ஒரு வரிதான் பஸ், லேப், பிளேஸ்மென்ட் பயிற்சி என்று தவணை தவணையாக வந்தது. அவன் வேலைக்குப் போய் மூணு வருஷம் ஆகிறது, ஊரார் நகைக்கடனுக்கு வட்டி போடுகிற நான் இன்னும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மூணு வருஷத்தில் பத்து லட்சம் தாண்டிவிடும். இங்கே நாம் படித்த அரசு கலைக் கல்லூரியில் டியூஷன் ஃபீஸே கிடையாது, மற்றது சில ஆயிரம்தான். பாப்பா ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும், மூணு வருஷத்தில் 36,000.

பெங்களூர் பட்டத்துக்கு மதிப்பு அதிகம் என்கிறாய். இருக்கலாம், பேச்சு இங்கிலீஷ் வரும், கம்பெனிகள் வாசலுக்கே வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் எகனாமிக்ஸில் பி.ஏ. என்பது பாதி தூரம்தான் மாப்பிள்ளை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதவே எம்.ஏ. வேண்டும். அதை எங்கே படித்தாள் என்பதைத்தான் நாளைக்குப் பார்ப்பார்கள். கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது, புனேயில் 1930இல் ஆரம்பித்த கோகலே இன்ஸ்டிட்யூட், அப்புறம் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம். கையிலிருக்கிற பணத்தை அதற்கு வை.

அங்கெல்லாம் நுழைய கணக்கு வேண்டும், அதுதான் சிக்கல். நம் காலத்தில் விலைக்கும் தேவைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் டிமாண்ட் கர்வ் வரைந்து அம்புக்குறி போட்டால் பாஸ். இப்போது கால்குலஸும் புள்ளியியலும் கேட்கிறார்கள். பிளஸ் டூவில் கணக்கு எடுத்த பிள்ளை, மூணு வருஷம் தொடாமல் விட்டால் துரு ஏறிவிடும். நல்ல கணக்கு வாத்தியார் ஒருவரிடம் வாரம் ரெண்டு நாள் அனுப்பு, அதுக்குச் செலவு பண்ணு.

இன்னொன்று. அவள் ஒன்றாவதிலிருந்து தமிழ் மீடியம். பட்டத்தையும் தமிழிலேயே முடித்தால் டி.என்.பி.எஸ்.சி.யில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. குரூப் 2 என்றால் அது பெரிய பலம், எம்.ஏ.வுக்கு வெளியூர் என்றால் இங்கிலீஷ் மீடியம்தான் கைகொடுக்கும். எது வேண்டும் என்று அவளையே கேள், நீயாக முடிவு பண்ணாதே.

தோப்புப் பத்திரத்தை பேங்கில் வைக்கப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம். கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே தருகிறார்கள். எம்.ஏ. சமயத்தில் தேவைப்பட்டால் நானே கூட வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் எடுத்துக்கொள், இங்கேயே விண்ணப்பம் போட்டுவிடலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பழம் மறுபடி கொடுத்தனுப்பினால் கொஞ்சம் காயாகப் பார்த்து அனுப்பு.

உன்
செல்வம்