மழைக்கு முன்னே போட வேண்டிய ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்பு முடிந்து, குமரி மாவட்டத்தில் எங்கள் தோவாளைப் பக்கம் வயல்களில் செம்மறி மந்தைகள் இறங்கிவிட்டன. மெஷின் அறுத்த வயலில் நெல்மணி நிறையச் சிந்திக் கிடக்கும். ஆடு அதைப் பொறுக்கித் தின்பதைப் பார்த்து நமக்கும் சந்தோஷம்தான். மறுநாள் விடிந்ததும் பட்டியிலேயே கொழுத்த குட்டி செத்துக் கிடக்கும். உடனே "கண்ணு பட்டுட்டு", "எவனோ மருந்து வச்சிட்டான்" என்று பக்கத்து வீட்டோடு சண்டை.

போன மாதம் எங்கள் தெருவில் அப்படி ஒரு சண்டை போலீஸ் வரை போக இருந்தது. நல்லவேளை, கால்நடை டாக்டர் வந்து செத்த குட்டியை அறுத்துப் பார்த்தார். கிட்னியை விரலால் அழுத்தினார். குழைந்த சோறு மாதிரி நசுங்கியது. இது துள்ளுமாரி, ஒரு கிருமியால் வரும் நோய் என்றார்.

இந்தக் கிருமியை யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை. நல்ல ஆட்டின் குடலிலேயே கொஞ்சம் இருக்கும். பழகாத ஆடு நெல்லையோ சோற்றையோ வயிறு முட்டத் தின்றால், செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்குகிறது. அங்கே கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. அது ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறினால், ஆடு துள்ளி விழுந்து, தலையைப் பின்னால் வளைத்து, காலை உதைத்தே செத்துப்போகும். வைத்தியத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் போகும், நோஞ்சான் தப்பிவிடும். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லாலும் இது வரும்.

ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். நல்ல மனசோடுதான் கொட்டுகிறார்கள், சரி. ஆனால் அண்டாவோடு கவிழ்க்காதீர்கள். வயலில் விடுமுன் கொஞ்சம் வைக்கோல் போடுங்கள். முதல் நாள் கொஞ்ச நேரம் மேய்ந்தால் போதும், அப்புறம் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

தடுப்பூசி இருக்கிறது. முதல்முறை போட்ட குட்டிக்கு இரண்டு, மூன்று வாரத்தில் மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. எங்கள் பக்கம் முகாம் நடப்பதோ புல் முளைத்த பிறகு. ஊசி வேலை செய்யவே இரண்டு வாரம் ஆகுமே! மறு ஊசிக்கு யாரும் வருவதும் இல்லை.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஆகவே மே மாதம் ஒரு முகாம், அதற்குப் பின் வளர்ந்த குட்டிகளுக்காகக் கன்னிப்பூ அறுப்புக்கு முன் ஒரு முகாம் வேண்டும். திருநெல்வேலிப் பக்கமிருந்து கிடை போட, அதாவது எருவுக்காக வயலில் மந்தையை அடைக்க, வருகிற கீதாரிகளுக்கு (இடையர்களுக்கு) வயலுக்கே வந்து ஊசி போட வேண்டும். அவர்கள் மந்தையை விட்டுவிட்டு முகாமுக்கு வர முடியாது.

– ஆடு வளர்க்கும் வாசகி,
தோவாளை